நாய்களும் சதைப்பற்றுத் தாவரங்களும்

சதைப்பற்றுத் தாவரங்கள் என்பன இலை, தண்டு அல்லது வேரில் நீரைச் சேமித்து வைத்து, வறட்சியைத் தாங்கி வளரும் தாவரங்கள் ஆகும். சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி, மருள், அடீனியம், ஜேட் செடி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. குறைந்த நீரில் வளர்வதாலும், பராமரிப்பு எளிதாக இருப்பதாலும் இவை வீடுகளில் தொட்டிச் செடிகளாகப் பரவலாக வளர்க்கப்படுகின்றன. நாய் வளர்க்கும் வீடுகளில் இச்செடிகளை வைத்திருப்பது பாதுகாப்பானதா என்ற வினாவிற்குப் பொதுவான ஒரே விடை கிடையாது. சதைப்பற்று என்பது ஒரு தாவரத்தின் உடலமைப்பைக் குறிக்கும் சொல்லேயன்றி, ஒரு தாவரக் குடும்பத்தின் பெயர் அன்று. ஒன்றுபோலத் தோன்றும் இரு செடிகளுள் ஒன்று முற்றிலும் தீங்கற்றதாகவும், மற்றொன்று நாயின் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையதாகவும் இருக்கக்கூடும். எனவே செடியின் சரியான பெயரை அறிந்துகொள்வதே பாதுகாப்பின் முதற்படியாகும்.

சதைப்பற்று என்னும் இயல்பு

சதைப்பற்றுத் தன்மை தாவர உலகில் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று. ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களில் இது தனித்தனியே தோன்றியது. அமெரிக்கக் கண்டங்களின் சப்பாத்திக்கள்ளிக் குடும்பம், ரணகள்ளி அடங்கிய கிராசுலேசியே குடும்பம், ஆமணக்கை உள்ளடக்கிய யூபோர்பியேசியே குடும்பம், அரளியை உள்ளடக்கிய அப்போசைனேசியே குடும்பம் ஆகியவற்றில் சதைப்பற்றுள்ள இனங்கள் உள்ளன. சோற்றுக்கற்றாழை அசுபோடெலேசியே குடும்பத்தையும், மருளும் ஆனைக்கற்றாழையும் அசுபராகேசியே குடும்பத்தையும் சேர்ந்தவை.

வறண்ட நிலத்தில் நீர் நிறைந்த இலையோ தண்டோ விலங்குகளுக்கு நல்ல உணவும் நீரும் ஆகும். ஆகவே இத்தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. சில முட்களால் காத்துக்கொள்கின்றன. சில கசப்பான அல்லது எரிச்சலூட்டும் சாற்றாலும், சில கடும் நஞ்சாலும் காத்துக்கொள்கின்றன. வேறு சில இத்தகைய தற்காப்பு ஏதுமின்றியே வளர்கின்றன. ஒரு குடும்பத்தின் தற்காப்பு முறை மற்றொரு குடும்பத்தில் இருப்பதில்லை. இதனாலேயே சதைப்பற்றுத் தாவரங்கள் அனைத்திற்கும் பொருந்தும் ஒரு நச்சு விதியை வகுக்க இயலாது.

நாய்கள் செடிகளைத் தின்னல்

நாய்கள் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த விலங்குகளாயினும், புல், இலை முதலியவற்றை அவ்வப்போது தின்பது அவற்றின் இயல்பான நடத்தையாகும். நலமான நாய்களும் புல் தின்கின்றன. குட்டிகளுக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் 3 முதல் 7 மாத வயதில் ஈறுகளில் ஏற்படும் உறுத்தலால், கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் பழக்கம் மிகுதியாக இருக்கும். தடித்த, மென்மையான, கடித்தவுடன் நீர் வடியும் சதைப்பற்று இலை அத்தகைய குட்டிக்கு ஒரு விளையாட்டுப் பொருளாகிவிடுகின்றது. நாள் முழுவதும் தனியாக அடைத்து வைக்கப்படும் வளர்ந்த நாய்களிடத்தும் இப்பழக்கத்தைக் காணலாம்.

நஞ்சின் விளைவு உட்கொண்ட அளவையும் உடல் எடையையும் பொறுத்தது. 30 கிலோகிராம் எடையுள்ள நாய் ஒன்றும் 3 கிலோகிராம் எடையுள்ள குட்டி ஒன்றும் ஒரே அளவுள்ள இலையைத் தின்றால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் குட்டி பெறும் நஞ்சு பத்து மடங்கு அதிகமாகும். பெரிய நாய்க்கு வெறும் வயிற்றுப்போக்கோடு முடியும் நிகழ்வு, குட்டிக்கு உயிராபத்தாக முடியக்கூடும்.

பெயர்க் குழப்பம்

தமிழில் வழங்கும் தாவரப் பெயர்கள் பெரும்பாலும் தோற்றத்தையும் பயனையும் கொண்டு அமைந்தவை. அவை நச்சுத்தன்மையைக் காட்டுவதில்லை. பின்வரும் மூன்று பெயர்கள் நாய் வளர்ப்போரிடையே குழப்பத்தை உண்டாக்கக்கூடியவை.

கள்ளி: இச்சொல் குறைந்தது மூன்று குடும்பங்களைச் சேர்ந்த தாவரங்களைக் குறிக்கின்றது. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியன பால் வடியும் யூபோர்பியா இனங்கள். சப்பாத்திக்கள்ளி பால் இல்லாத, முள் நிறைந்த அமெரிக்கத் தாவரம். ரணகள்ளி இவ்விரண்டிற்கும் தொடர்பற்ற, முள்ளும் பாலும் இல்லாத கிராசுலேசியே குடும்பச் செடி. முதல் வகையின் பால் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். இரண்டாம் வகையில் முள்ளே முதன்மையான ஆபத்து. மூன்றாம் வகை இதயத்தைத் தாக்கும். மூன்றிற்கும் பெயர் கள்ளியே.

கற்றாழை: சோற்றுக்கற்றாழை, ஆனைக்கற்றாழை ஆகிய இரண்டும் உறவற்றவை. ஆனைக்கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்த அகேவ் இனமாகும். அதன் சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களும் சப்போனின்களும் உள்ளன. சிறு கற்றாழைபோலவே தோன்றும் ஆவோர்த்தியா என்னும் தொட்டிச் செடியோ நாய்களுக்கு நச்சற்றது.

ஜேட் செடி: இப்பெயரில் இரு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கிராசுலா ஒவேட்டா. இது நாய்களுக்கு நச்சுடையது. மற்றொன்று போர்ச்சுலக்கேரியா ஆஃப்ரா, இது நச்சற்றது. இந்தியாவின் நாற்றுப்பண்ணைகளில் ஜேட் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவதாகும். இச்செடி தென்னாப்பிரிக்காவில் யானைகளுக்கும் ஆடுகளுக்கும் தீவனமாக உள்ளது. இதன் இலைகள் சிறியவை, ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ளவை, இளந்தண்டு செம்பழுப்பு நிறமானது. கிராசுலா ஒவேட்டாவின் இலைகள் இதனினும் பெரியவை, மிகத் தடித்தவை. அதன் தண்டும் பருமனானது. அயல்நாட்டு நூல்களில் ஜேட் நச்சுடையது என்று படித்துவிட்டுத் தீங்கற்ற செடியை அகற்றுவதும், உள்ளூரில் ஜேட் தீங்கற்றது என்று கேட்டுவிட்டு நச்சுச் செடியை நாயின் அருகில் வைப்பதும் இப்பெயர்க் குழப்பத்தின் இரு விளைவுகளாகும்.

நச்சுத்தன்மையுள்ள இனங்கள்

சோற்றுக்கற்றாழை

தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் சதைப்பற்றுத் தாவரம் சோற்றுக்கற்றாழையாகும். இது மருந்துக்காகவும், தலைக்குத் தேய்ப்பதற்காகவும் வளர்க்கப்படுகின்றது. கண்ணேறு கழிய வேண்டி வீட்டு வாயிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு.

இதன் இலையில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே பச்சைத் தோல்; அதன் உட்புறத்தை ஒட்டி மஞ்சள் நிறக் கசப்புப் பால்; நடுவே ஒளி ஊடுருவும் சோறு. நச்சு விளைவுக்குக் காரணமானது நடு அடுக்கில் உள்ள மஞ்சள் பால் ஆகும். இதில் அலோயின் உள்ளிட்ட ஆந்திராகுயினோன் கிளைக்கோசைடுகள் உள்ளன. இவை சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிரிகளால் செயல்திறன் மிக்க பொருள்களாக மாற்றப்படுகின்றன. அப்பொருள்கள் குடலில் நீரும் சளியும் மிகுதியாகச் சுரக்கச் செய்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. நாய்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை காணப்படும். சிறுநீர் செந்நிறமாக மாறுவதும் உண்டு.

சித்த மருத்துவத்தில் கரியபோளம் எனப்படுவது இதே பாலை உலர்த்திப் பெறப்படுவதாகும். கற்றாழைச் சோற்றை உண்பதற்கு முன் தோலை நீக்கிப் பலமுறை நீரில் கழுவும் வழக்கத்தின் பயன், அதில் ஒட்டியுள்ள இக்கசப்புப் பாலை அகற்றுவதே. நாய் இலையைக் கடிக்கும்போது தோல், பால், சோறு ஆகிய மூன்றையும் சேர்த்தே விழுங்குகின்றது. ஆகவே மனிதர் கற்றாழையை உண்கின்றனர் என்பது நாய் அதன் இலையைத் தின்னலாம் என்பதற்குச் சான்றாகாது. மனிதருக்கான மலமிளக்கியாகவும் இப்பொருளைக் கடைகளில் மருந்துச்சீட்டின்றி விற்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2002 ஆம் ஆண்டில் நிறுத்தியது.

சோற்றுக்கற்றாழையால் நாய்களுக்கு ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் மிதமானதாகவே இருக்கும். எனினும் குட்டிகளிலும் முதிய நாய்களிலும் தொடர்ந்த வயிற்றுப்போக்கு உடலின் நீரை வற்றச் செய்து ஆபத்தை உண்டாக்கலாம்.

ரணகள்ளியும் பிற கலஞ்சோ இனங்களும்

ரணகள்ளியின் இலை மண்ணில் விழுந்தால் அதன் விளிம்பிலிருந்தே புதிய செடிகள் முளைக்கின்றன. மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, சிறுநீரகக் கல்லுக்கான நாட்டு மருந்து என்ற பெயரால் பல வீடுகளில் வளர்க்கப்படுகின்றது. கொத்துக் கொத்தாகச் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறப் பூக்கள் பூக்கும் அழகுச் செடியான கலஞ்சோவும் இதே பேரினத்தைச் சேர்ந்தது.

இவற்றில் பூஃபடையீனோலைடு எனப்படும் இதய நச்சுப் பொருள்கள் உள்ளன. தேரைகளின் தோல் நஞ்சிலும் இவ்வகைப் பொருள்கள் காணப்படுவதால், தேரையின் இலத்தீன் பெயரைக் கொண்டு இப்பெயர் இடப்பட்டது. இதயத் தசை உயிரணுக்களின் மென்சவ்வில் உள்ள சோடியம்–பொட்டாசியம் எக்கியை இவை தடுக்கின்றன. அதனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகின்றது. பூக்களில் நஞ்சின் செறிவு மிகுதி. நாய்களில் உமிழ்நீர் வடிதல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை பொதுவான அறிகுறிகள். இதயத் துடிப்புக் கோளாறு அரிதாகவே ஏற்படுகின்றது. எனினும் அது உயிருக்கு ஆபத்தானது.

இப்பேரினத்தின் நச்சுத்தன்மை பற்றிய அறிவு பெரும்பாலும் கால்நடைகளின் இறப்பிலிருந்தே கிடைத்தது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் மோரீ நகருக்கு அருகே 1997 ஆம் ஆண்டு, களையாகப் பரவியிருந்த ஒரு கலஞ்சோ இனத்தை மேய்ந்த 125 மாடுகள் இறந்தன. தென்னாப்பிரிக்காவில் இக்குடும்பச் செடிகளை மேயும் ஆடுகளுக்குக் கிரிம்ப்சீக்டெ எனப்படும் நரம்பு நோய் உண்டாகின்றது. இதில் நஞ்சு சிறிது சிறிதாக உடலில் சேர்கின்றது. அந்நோயால் இறந்த ஆடுகளின் இறைச்சியைத் தின்ற நாய்களும் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாகியுள்ளன. செடியையே தொடாத நாய்க்கும் செடியின் நஞ்சு சென்று சேரக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அடீனியம்

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம், பருத்த அடித்தண்டும் பகட்டான பூக்களும் கொண்டது. தமிழ்நாட்டின் மொட்டை மாடித் தோட்டங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. இது அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அரளியைப் போலவே இதன் எல்லாப் பாகங்களிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. ஆப்பிரிக்காவில் வேட்டையாடுவோர் இதன் சாற்றை அம்பு நுனியில் தடவும் நஞ்சாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். வீட்டில் வளர்க்கப்படும் சதைப்பற்றுத் தாவரங்களுள் நாய்களுக்கு மிகவும் ஆபத்தானவற்றுள் இதுவும் ஒன்றாகும். அரளியை ஆடு மாடு தின்னலாகாது என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதோர் குறைவு. அடீனியம் அயல்பெயரில் வந்த செடியாகையால், அது அரளியின் உறவு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பால் வடியும் கள்ளிகள்

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியன வேலிகளிலும் வறண்ட நிலங்களிலும் காணப்படுகின்றன. திருகுகள்ளியும், கிறிஸ்து முள் என அழைக்கப்படும் யூபோர்பியா மிலியும் தொட்டிகளிலும் வளர்க்கப்படுகின்றன. திருகுகள்ளியின் அறிவியற் பெயரான யூபோர்பியா திருகள்ளி என்பதில் உள்ள இரண்டாம் சொல், மலபார்க் கரையில் வழங்கிய உள்ளூர்ப் பெயரிலிருந்து 1753 ஆம் ஆண்டில் லின்னேயசால் எடுத்தாளப்பட்டதாகும்.

இவற்றின் வெண்ணிறப் பாலில் உள்ள டைட்டர்பீன் எசுத்தர்கள் தோலையும் சளிச்சவ்வையும் கடுமையாக எரிச்சலூட்டுகின்றன. தண்டைக் கடித்த நாய்க்கு வாய் எரிச்சல், உமிழ்நீர் வடிதல், வாந்தி ஆகியவை ஏற்படும். பால் கண்ணில் பட்டால் விழிவெண்படலம் புண்ணாகிப் பார்வைக்கே கேடு விளையலாம். கள்ளி கிளை முறியும்போது பால் தெறிப்பதால், அதைக் கத்தரிக்கும் மனிதருக்கும் இவ்வாபத்து உண்டு.

பிற இனங்கள்

- கிராசுலா ஒவேட்டா: நாய்களில் வாந்தி, சோர்வு, தள்ளாட்டம் ஆகியவற்றை உண்டாக்குகின்றது. காரணமான பொருள் இன்னும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.
- மருள்: கோடிட்ட வாள் போன்ற இலைகளைக் கொண்ட இச்செடிகள் முன்னர்ச் சான்செவியேரியா எனத் தனிப் பேரினமாகக் கொள்ளப்பட்டன, இப்போது டிரசீனாவில் அடங்குகின்றன. இவற்றில் உள்ள சப்போனின்கள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை ஏற்படுத்துகின்றன. பாதிப்பு பொதுவாக மிதமானது.
- டேபிள் ரோஸ் எனப்படும் பத்து மணிப்பூ: இதில் கரையும் ஆக்சலேட்டுகள் உள்ளன. மிகுதியாகத் தின்றால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.
- பிரண்டை: பச்சைத் தண்டில் உள்ள ஆக்சலேட்டுப் படிகங்கள் வாயிலும் நாக்கிலும் அரிப்பை உண்டாக்கும். துவையலுக்கு நறுக்குவோர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது இவ்வரிப்பைத் தவிர்க்கவே.

நச்சற்ற இனங்கள்

பின்வருவன நாய்களுக்கு நச்சற்றவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன:

- ஆவோர்த்தியா
- ரோஜாப்பூ அடுக்குப் போன்ற இலையமைப்புடைய எச்செவேரியா
- தொங்கும் தண்டுகளில் நெருக்கமாக இலைகள் அமைந்த, கழுதைவால் எனப்படும் சேடம் மோர்கேனியானம்
- போர்ச்சுலக்கேரியா ஆஃப்ரா
- குளிர்காலத்தில் பூக்கும் கிறிஸ்துமஸ் கள்ளி

நச்சற்றது என்பது உணவாகத் தகுந்தது என்று பொருள்படாது. எந்தச் செடியையும் மிகுதியாகத் தின்ற நாய் வாந்தி எடுக்கக்கூடும். சப்பாத்திக்கள்ளியின் தண்டு நச்சற்றதாயினும், கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்முட்கள் நாக்கிலும் ஈறிலும் பாதத்திலும் தைத்துச் சீழ்பிடிக்கச் செய்யலாம்.

தொட்டியிலுள்ள பிற ஆபத்துகள்

செடி தீங்கற்றதாயினும், தொட்டியில் இடப்படும் பொருள்களால் நாய்க்குக் கேடு நேரலாம்.

ஆமணக்குப் பிண்ணாக்கு: இயற்கை உரமாக விற்கப்படும் இதில் ரிசின் என்னும் கடும் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். எண்ணெயில் ரிசின் கரைவதில்லையாதலால், எண்ணெய் எடுத்தபின் அது பிண்ணாக்கிலேயே தங்குகின்றது. போதிய அளவு சூடாக்கப்பட்டால் மட்டுமே இந்நஞ்சு செயலிழக்கும். பிண்ணாக்கின் மணமும், அதனுடன் கலக்கப்படும் எலும்புத்தூளின் மணமும் நாயைக் கவர்கின்றன. தீங்கற்ற எச்செவேரியா வளரும் தொட்டியின் மண்ணைக் கிளறித் தின்ற நாய், அடீனியத்தைத் தின்ற நாயைப் போலவே உயிராபத்துக்கு உள்ளாகலாம்.

குருணை வடிவப் பூச்சிக்கொல்லிகள்: மண்ணில் தூவப்படும் இவற்றுள் பல நரம்பு நஞ்சுகள் ஆகும். சிறிதளவே நாயைக் கொல்லப் போதுமானது.

அழகுக் கற்கள்: சதைப்பற்றுத் தாவரங்களின் தொட்டிகளில் மேற்பரப்பில் கூழாங்கற்களைப் பரப்புவது வழக்கம். இவற்றை விழுங்கும் குட்டிகளுக்குக் குடலடைப்பு ஏற்பட்டு அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

காட்பாடிப் பகுதியில்

காட்பாடி பாலாற்றின் வடகரையில், வேலூர் மாநகராட்சிக்கு உட்பட்டு அமைந்துள்ளது. பாறைக் குன்றுகள் சூழ்ந்த இப்பகுதியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இருப்பதில்லை. இத்தகைய இடத்தில் நீரைக் குறைவாகவே வேண்டும் சதைப்பற்றுத் தாவரங்கள் வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றவை. வறண்ட நிலத் தாவரங்களான கள்ளியும் கற்றாழையும் மருளும் இப்பகுதிக்குப் புதியனவல்ல. நாற்றுப்பண்ணைகளின் வழியே வந்த கலஞ்சோ, அடீனியம், ஜேட் ஆகியவையே புதியவை. பழைய செடிகளைப் பற்றி ஊரார் வழிவழியாக அறிந்துள்ளவை புதிய செடிகளுக்குப் பொருந்துவதில்லை.

வேலூர் வட்டாரத்தில் தாவர நஞ்சுகள் மனித மருத்துவத்திலும் கருத்திற்குரியவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், இப்பகுதியில் வளரும் ஒடுவன்தழையின் நச்சுப் பாதிப்பு குறித்து ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர்.

காட்பாடியும், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களும் அடங்கிய பாலாற்றுப் படுகை, தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. செடியைக் கடிக்கும் நாய்க்கு மாற்றாகத் தோல் துண்டைக் கடிக்கக் கொடுக்கும் எண்ணம் இங்கு எளிதில் எழக்கூடியது. ஆனால் கடைகளில் நாய்களுக்கென விற்கப்படும் தோல் கடிபொருள்கள் பதனிடப்படாத பச்சைத் தோலின் உள்ளடுக்கிலிருந்து செய்யப்படுபவை. காலணிக்கான தோல் அத்தகையதன்று. அதில் பெரும்பகுதி குரோமியம் சல்பேட்டு கொண்டு பதனிடப்பட்டு, சாயமும் ஏற்றப்பட்டதாகும். அதன் வெட்டுத் துண்டுகளை நாய்க்குக் கொடுத்தல் கூடாது.

அறிகுறிகள்

நச்சுச் செடியைத் தின்ற நாயிடம் பின்வரும் அறிகுறிகளுள் ஒன்றோ பலவோ சில மணி நேரத்திற்குள் தோன்றக்கூடும்:

- உமிழ்நீர் மிகுதியாக வடிதல், வாயைப் பாதத்தால் தேய்த்தல்
- வாந்தி, வயிற்றுப்போக்கு
- உணவை மறுத்தல், சோர்ந்து படுத்தல்
- தள்ளாடி நடத்தல், நடுக்கம்
- இதயத் துடிப்பு மிக மெதுவாகவோ ஒழுங்கற்றோ இருத்தல், மயங்கி விழுதல்
- கண் சிவத்தல், கண்ணை மூடியே வைத்திருத்தல்

முதல் மூன்றும் நச்சற்ற செடியைத் தின்ற நாயிடமும் தோன்றலாம். ஆகவே அறிகுறியை மட்டும் கொண்டு எந்தச் செடி என்று அறிய இயலாது. தள்ளாட்டம், துடிப்புக் கோளாறு, மயக்கம் ஆகியன உடனடி மருத்துவம் தேவை என்பதைக் காட்டுவன. ரிசின் நஞ்சில் அறிகுறிகள் தோன்றக் காலம் தாழ்வதும் உண்டு. எனவே நாய் நலமாகத் தோன்றுகின்றது என்பதால் காத்திருப்பது தவறாகும்.

முதலுதவியும் மருத்துவமும்

நாயின் வாயில் எஞ்சியுள்ள இலைத் துண்டுகளைக் கையுறை அணிந்து அகற்ற வேண்டும். வாயைத் தூய நீரால் மெதுவாகக் கழுவலாம். கள்ளிப்பால் கண்ணில் பட்டிருந்தால் ஏறத்தாழ 15 நிமிடங்கள் தொடர்ந்து தூய நீர் விட்டுக் கழுவிய பின் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தின்ற செடியின் இலை, பூ ஆகியவற்றுடன் கூடிய கிளையொன்றையோ அதன் ஒளிப்படத்தையோ உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும். தின்ற நேரம், ஏறத்தாழத் தின்ற அளவு, நாயின் எடை, தொட்டியில் இடப்பட்ட உரம் அல்லது மருந்தின் பெயர் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவரின் அறிவுரையின்றி நாயை வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. உப்பு நீரைப் புகட்டுவதால் இரத்தத்தில் சோடியம் மிகுந்து அதுவே உயிரைப் போக்கலாம். எரிச்சலூட்டும் கள்ளிப்பால் வாந்தியாக மேலேறும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை புண்ணாக்கும். மயக்க நிலையிலுள்ள நாய்க்கும், பக் போன்ற குறுமூக்கு நாய்க்கும் வாந்தி மூச்சுக்குழலுக்குள் செல்லும் ஆபத்து மிகுதி. எண்ணெயைப் புகட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது.

கால்நடை மருத்துவர் தேவைக்கேற்ப வாந்தி எடுக்கச் செய்தல், நஞ்சை உறிஞ்சும் செயலூட்டப்பட்ட கரி கொடுத்தல், சிரை வழி நீர்மம் ஏற்றுதல் ஆகியவற்றைச் செய்வார். இதய நஞ்சாயின் மின்னிதய வரைவின் மூலம் துடிப்பைக் கண்காணித்து, துடிப்பைச் சீர்செய்யும் மருந்துகளை அளிப்பார். சோற்றுக்கற்றாழை, மருள் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட நாய்கள் பெரும்பாலும் விரைவில் நலம் பெறுகின்றன.

தடுப்பு முறைகள்

- செடி வாங்கும்போதே அதன் அறிவியற் பெயரைக் கேட்டுத் தொட்டியில் எழுதி ஒட்டி வைத்தல்
- அடீனியம், கலஞ்சோ, ரணகள்ளி, பால் வடியும் கள்ளிகள் ஆகியவற்றை நாய் செல்ல இயலாத இடத்தில் வைத்தல். குட்டி வளரும் வீட்டில் இவற்றை முற்றிலும் தவிர்த்தல்
- கத்தரித்த கிளைகளையும் உதிர்ந்த இலை, பூக்களையும் உடனே அகற்றுதல்
- வாயிலில் தொங்கும் கற்றாழை வாடி விழுமுன் மாற்றுதல்
- ஆமணக்குப் பிண்ணாக்கையும் குருணை மருந்தையும் தொட்டிகளில் தவிர்த்தல்
- பல் முளைக்கும் குட்டிக்குத் தகுந்த கடிபொருள்களைக் கொடுத்தல்

உயரமான இடத்தில் வைப்பது மட்டும் போதுமானதன்று. கழுதைவால் போன்ற தொங்கும் செடிகளிலும், எளிதில் உதிரும் இலைகளைக் கொண்ட ரணகள்ளியிலும் இலை தரைக்கு வந்துவிடும். ரணகள்ளியின் உதிர்ந்த ஒவ்வோர் இலையும் அருகிலுள்ள தொட்டியில் புதிய செடியாக முளைக்கவும் கூடும்.

பரவலான தவறான கருத்துகள்

மூலிகை தீங்கு செய்யாது: மருந்தாகும் பொருள் உடலின் மீது வினைபுரிவதாலேயே மருந்தாகின்றது. அளவு மிகும்போது அதே வினை நஞ்சாகின்றது. இதய நோய்க்கான டிகாக்சின் என்னும் மருந்தும் ஒரு நச்சுச் செடியிலிருந்தே பெறப்படுவதாகும்.

மனிதர் உண்பதை நாயும் உண்ணலாம்: வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றது, திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றது, சாக்லெட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகின்றது. இவை மூன்றும் மனிதரின் அன்றாட உணவுப் பொருள்கள்.

தனக்கு ஆகாததை நாய் தின்னாது: கசப்பு சில நாய்களைத் தடுக்கலாம். ஆனால் பல் முளைக்கும் குட்டி சுவைத்துப் பார்த்து விலக்குவதில்லை, கடித்து விழுங்கிவிடுகின்றது.

நச்சுப் பட்டியல்களைப் பயன்படுத்துதல்

செல்லப் பிராணிகளுக்கு நச்சான செடிகள் பற்றி இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களுள் பல, 1866 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவப்பட்ட விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கத்தின் பட்டியலை அடியொற்றியவை. இச்சங்கத்தின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையம் 1978 ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டதாகும். இப்பட்டியல் பயனுள்ளதெனினும், தமிழ்நாட்டு வாசகர் இரண்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவதாக, அதில் நச்சுடையது என்ற ஒரே சொல்லின் கீழ், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் மருளும் இதயத்தை நிறுத்தும் அடீனியமும் அடங்குகின்றன. இரண்டாவதாக, அது அமெரிக்க வீடுகளில் வளரும் செடிகளை முதன்மையாகக் கொண்டது. நம் ஊர்ச் செடி ஒன்று அதில் இல்லாமை, அச்செடி பாதுகாப்பானது என்று பொருள்படாது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வி 1903 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியுடன் வேரூன்றியது. 1989 ஆம் ஆண்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஐயம் எழும்போது இணையப் பட்டியலை மட்டும் நம்பாமல், செடியின் கிளையுடன் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகுவதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

- சோற்றுக்கற்றாழை
- ரணகள்ளி
- திருகுகள்ளி
- அரளி
- ஆமணக்கு
- நாய்
- காட்பாடி